கை தெரியாவிட்டால் நில்!



ரயில் பயணம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஜன்னலோர இருக்கை, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொதி, போத்தலில் தண்ணீர், மடியில் உறங்கும் குழந்தை. வண்டி கடைசி நிலையத்தில் வந்து நின்றதும் பைகளை எண்ணுகிறோம். பிள்ளைகளை எண்ணுகிறோம். ஆசனத்தின் கீழே போன செருப்பைத் தேடி எடுக்கிறோம். அழைத்துப் போக வந்தவர்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வெளியேறிவிடுகிறோம். வந்த வண்டியை யாராவது திரும்பிப் பார்க்கிறோமா?

ஆனால், நாம் முதுகைத் திருப்பிய பிறகுதான் ரயில்வேயின் மிகவும் கவனமான வேலை ஒன்று தொடங்குகிறது. அதன் பெயர் ஷண்டிங். எஞ்சினைக் கழற்றுவது, இடம் மாற்றுவது, பெட்டிகளைச் சேர்ப்பது, பிரிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆண்கள் செய்கிற இரும்பு வேலையைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த இரும்பு வேலைக்குள் நம் வீட்டு வாசலுக்குத் தேவையான பாடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்று வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய பாடம் அது.

கடலோடு முடியும் பாதை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையில் இருக்கிறது காங்கேசன்துறை. வடக்குப் புகையிரதப் பாதை அங்கேதான் முடிகிறது. அப்பால் கடல்தான். குடாநாட்டுக்குள் 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905 ஓகஸ்ட் முதலாம் திகதி கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுப் பாதையும் திறக்கப்பட்டது. 1956 ஏப்ரல் 23ஆம் திகதி ‘யாழ்தேவி’ தன் முதல் ஓட்டத்தைத் தொடங்கினாள். அப்போது புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளராக இருந்தவர் பி. டி. ராம்பால. அந்தத் திணைக்களத்தில் பிரதம இயந்திரப் பொறியியலாளர் பதவிக்கு உயர்ந்த முதலாவது இலங்கையர் அவர்தான். நீராவி எஞ்சின்களின் இடத்துக்கு டீசல் எஞ்சின்கள் வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கொழும்புக் கோட்டையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த எஞ்சின், காங்கேசன்துறையில் வண்டியின் வடக்கு முனையில் நிற்கிறது. திரும்பிப் போக வேண்டியதோ தெற்கே. கடலுக்குள் போய்த் திரும்ப முடியுமா? ஆகவே, பெட்டிகளை நின்ற இடத்தில் விட்டுவிட்டு எஞ்சின் மட்டும் கழன்று கொள்ள வேண்டும். பக்கத்துத் தண்டவாளம் வழியாகப் பெட்டிகளைக் கடந்து வந்து, மறு முனையில் பூட்டிக்கொள்ள வேண்டும். இரு முனையிலும் சாரதி அறை உள்ள தொடர்வண்டிகளுக்கு இந்தச் சிரமம் இல்லை. எஞ்சின் வேறு, பெட்டிகள் வேறு என்று இருக்கிற வண்டிகளுக்கு முனை நிலையம்தோறும் இதே வேலைதான்.

கனடா தந்த இரும்புக் குதிரை

இலங்கையின் பழைய டீசல் எஞ்சின்களில் பெயர் பெற்றவை ‘எம்-2’ வகை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியாக 1954 முதல் வந்தவை. கனடாவின் மாகாணப் பெயர்கள் அவற்றில் பலவற்றுக்குச் சூட்டப்பட்டன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று எஞ்சினின் பக்கவாட்டில் பெயர் எழுதியிருக்கும். வடக்குப் பாதையிலும் அவை ஓடின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி, தெற்கே பெரேலியவில் ஒரு ரயிலை அடித்துப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததல்லவா? அந்த வண்டியை இழுத்து வந்தது 591ஆம் இலக்க மனிடோபாதான். பின்னர் அதை மீட்டுப் பழுதுபார்த்து மறுபடியும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். அரை நூற்றாண்டைத் தாண்டியும் உழைத்த எஞ்சின்கள் இவை.

இந்த எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது? மின்சாரம் போனதும் கடைகளில் ஜெனரேட்டரை இயக்குவார்களே, ஏறக்குறைய அதே கதைதான். உள்ளே 12 சிலிண்டர்கள் கொண்ட டீசல் யந்திரம் இருக்கிறது. அது சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை, ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் கீழே அச்சுகளோடு இணைந்த மோட்டார்களுக்குப் போகிறது. மோட்டார்கள்தாம் சக்கரங்களை உருட்டுகின்றன. சாரதியின் கையில் இருக்கும் நெம்புகோலுக்கு எட்டுப் படிகள் உண்டு. எட்டாம் படியில் முழு வேகம், முழு முழக்கம். ஷண்டிங்கில் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு படிகளுக்கு மேல் தேவைப்படாது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சினின் எடை ஏறக்குறைய எண்பது தொன். பதினைந்து யானைகளை ஒன்றாகச் சேர்த்தாலும் அந்தப் பாரம் வருவது கடினம். சாரதியின் அறையோ ஒரு முனையில் மட்டும்தான் இருக்கிறது. மற்றப் பக்கம் நீண்ட இரும்புக் கூடு. அந்தக் கூடு முன்னால் வரும்படி எஞ்சின் ஓடும்போது, சாரதி அதன் ஓரத்தால் எட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். தனக்கு நேர் முன்னே, தண்டவாளத்தின் நடுவில் ஒரு குழந்தை நின்றாலும் அவருக்குத் தெரியாது. பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும்போது நிலைமை இன்னும் மோசம். முன்னே போகும் பெட்டியில் எஞ்சினும் இல்லை, ஓசையும் இல்லை. தொலைவில் எங்கோ எஞ்சின் உறுமும். அருகில் பெட்டி மௌனமாக வந்து நிற்கும்.

ஒருவரின் கை, இன்னொருவரின் கண்

அப்படியானால் சாரதி யாருடைய கண்ணை நம்பி ஓட்டுகிறார்? தரையில் நிற்கும் ஷண்டிங் ஊழியரின் கண்ணை. அவர் கையிலே பகலில் பச்சை, சிவப்புக் கொடிகள். இரவிலே நிறம் மாற்றும் விளக்கு. சாரதி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை நகர்த்துகிறார்.

வேலையை ஒழுங்குப்படி பாருங்கள். முதலில், கழற்றப்படும் பெட்டிகள் தாமாக உருண்டுவிடாதபடி பிரேக்கைப் பூட்டுவார்கள். பிறகு ஊழியர் எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் குனிந்து நுழைவார். திருகுக் கொக்கியைத் தளர்த்திக் கழற்றுவார். பிரேக் குழாயைப் பிரிப்பார். அவர் வெளியே வந்து நின்று கை காட்டிய பின்னரே எஞ்சின் அசையும். தண்டவாளம் பிரியும் இடத்தைத் தாண்டிச் சென்று நிற்கும். பாதை மாற்றப்பட்டதும் பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கி, பெட்டிகளைக் கடந்து, மறு முனைக்கு வரும்.

கடைசிச் சில அடிகள்தாம் எல்லாவற்றிலும் பெரிய அடிகள். எஞ்சின் பெட்டிக்குச் சற்று முன்னால் ஒரு முறை நின்றுவிடும். மறுபடி கை அசைந்ததும் மனிதன் நடக்கும் வேகத்திலும் குறைவாக ஊர்ந்து வந்து, மோதுதாங்கிகள் ஒன்றையொன்று மெல்லத் தொடும். உள்ளே இருக்கும் பயணியின் தேநீர் தளும்பாமல் தொடுவதுதான் சாரதியின் கைத்திறன். இரண்டும் அசைவற்று நின்ற பிறகே ஊழியர் நடுவில் நுழைந்து கொக்கியை மாட்டுவார். அசைகிற நேரத்தில் நடுவில் நுழைந்தால், மோதுதாங்கிகளுக்கு இடையில் மனித உடம்பு எந்த மூலைக்கு?

இந்த வேலைக்குப் பல விதிகள் உண்டு. ஆனால் தலையாய விதி ஒன்றே ஒன்று. கை காட்டுபவர் சாரதியின் கண்ணிலிருந்து மறைந்தால், சாரதி உடனே நிறுத்திவிட வேண்டும். ‘முன்பு வரச் சொன்னாரே, இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று எண்ணக்கூடாது. ‘அங்கேதான் எங்கோ நிற்பார்’ என்று ஊகிக்கக்கூடாது. அவர் கால் இடறி விழுந்திருக்கலாம்; நடுவில் குனிந்திருக்கலாம். கை தெரியாவிட்டால் நில்! அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கை காட்டுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நால்வர் நின்று நாலு விதமாகக் கை அசைத்தால் சாரதி யாரைப் பார்ப்பார்? ஆனால் ‘நில்’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். கொடி இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினாலே போதும்.

இதே குணம் ரயிலின் பிரேக்கிலும் இருப்பதைப் பாருங்கள். பழைய வண்டிகளில் இருப்பது வெற்றிட பிரேக். எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் விடுபடும். குழாய் எங்காவது அறுந்தாலும், பெட்டி கழன்று போனாலும், வெளிக்காற்று உள்ளே புகும். உடனே பிரேக் தானாக இறுகி வண்டி நின்றுவிடும். பழுது என்று வந்தால் ஓடுவதல்ல, நிற்பதே அதன் இயல்பு. அதனால்தான் எஞ்சினைப் பூட்டிய பிறகும் வண்டியை அப்படியே அனுப்பிவிடுவதில்லை. கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா என்று சாரதியும் கார்டும் சோதித்துப் பார்த்த பின்னர்தான் பச்சைக் கொடி.

விரல்கள் எழுதிய சட்டம்

இந்த விதிகள் யாரோ மேசையில் அமர்ந்து பொழுதுபோக்காக எழுதியவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெட்டிகளைச் சேர்க்க வளையமும் ஆணியும் பயன்படுத்தினார்கள். நெருங்கி வரும் இரு பெட்டிகளுக்கு நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்து ஆணியைச் செருக வேண்டும். விரல் இழந்தவர்கள், கை இழந்தவர்கள், உயிரையே இழந்தவர்கள் ஏராளம். ஒருவனின் கையில் விரல்கள் குறைந்திருந்தால், அவன் ரயில்வேயில் பழைய ஆள் என்று ஊகித்துவிடுவார்களாம்!

தொட்டதும் தானாகவே கவ்விக்கொள்ளும் இணைப்புக்கு ஈலை ஜானி என்பவர் 1873இல் காப்புரிமை பெற்றார். ஆனால் செலவுக்கு அஞ்சிப் பல கம்பெனிகள் தயங்கின. கடைசியில் 1893இல் சட்டம் வந்தது. தானியங்கி இணைப்பும், எஞ்சினிலிருந்தே வண்டியைக் கட்டுப்படுத்தும் பிரேக்கும் கட்டாயமாயின. வழி தெரிந்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகு வந்த சட்டம்! அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை மனைவியர் வாசலில் காத்திருந்து ஏமாந்தார்களோ?

ரயிலைக் காணாத ஒரு தலைமுறை

மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1990 ஜூன் மாதத்தோடு குடாநாட்டுக்கான ரயில் நின்றுபோனது. போர் தண்டவாளத்தையும் விட்டுவைக்கவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையங்கள் கூரையின்றி, சுவரின்றி நின்றன.

அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில்தான் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ் நகரத்துச் சோனகத் தெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டவர்களில் மிகப் பலர் புத்தளத்தில் அகதிகளாகக் குடியேறினர். ஏறிப் போக ஒரு ரயில்கூட இல்லாத ஊரிலிருந்து அவர்கள் வெளியேறினார்கள்.

போர் 2009இல் முடிந்தது. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் என்று ரயில் படிப்படியாக வடக்கே ஏறியது. 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறையைத் தொட்டது. மூத்தவர்கள் மகிழ்ச்சியால் கலங்கினார்கள். ‘கோச்சி வந்திட்டுது’ என்று வீதிக்கு வந்து பார்த்தார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 1990ஐ ஒட்டி அங்கே பிறந்த பிள்ளை, தன் இருபது வயது தாண்டும் வரை வீட்டுப் பக்கத்தில் ரயிலையே கண்டதில்லை. தண்டவாளம் கிடந்த இடத்தில் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள். ரயில் வரும்போது எவ்வளவு தூரத்தில் கேட்கும், எத்தனை வேகத்தில் வரும், நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்ற அறிவு ஒரு தலைமுறைக்குக் கைமாறவில்லை. உம்மாவும் வாப்பாவும் சின்ன வயதில் வீட்டில் கேட்டு வளர்ந்த ‘பார்த்துப் போ, கோச்சி வரும்’ என்ற சொல் இருபத்து நான்கு ஆண்டுகள் வாயில்லாமல் கிடந்தது. கதவும் காவலாளியும் இல்லாத கடவைகளில் பின்னர் உயிர்கள் போனதற்கு இதுவும் ஒரு காரணம் அல்லவா? தண்டவாளத்தை இரும்பால் போட்டுவிடலாம். பழக்கத்தை வீட்டில் சொல்லித்தான் வளர்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

ரயில் பாதைக்கு அருகில் குடியிருப்பவர்களும், விடுமுறைக்கு ரயிலில் போகிறவர்களும் இவற்றைப் பிள்ளைகளிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லி வையுங்கள்.

நிற்கிற வண்டி ஓய்வெடுக்கிற வண்டி அல்ல. அடுத்த நொடி அது முன்னேயும் போகலாம், பின்னேயும் வரலாம். ஆகவே நிற்கிற பெட்டிகளுக்குக் கீழே குனிந்தோ, இரு பெட்டிகளுக்கு நடுவே புகுந்தோ மறுபக்கம் போகக்கூடாது.

நிற்கிற வண்டியின் பின்புறத்தை ஒட்டியபடி தண்டவாளத்தைக் கடக்கக்கூடாது. பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் எஞ்சினை அந்த வண்டி மறைத்துவிடும்.

ஓசை கேட்கவில்லை என்பதால் ஒன்றும் வரவில்லை என்று பொருளில்லை. காதை நம்பாமல் இரு பக்கமும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு வண்டி போன பிறகும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

தண்டவாளத்தில் நின்று படம் பிடிப்பது வேண்டவே வேண்டாம். வேகமாக வரும் ரயில் பிரேக் பிடித்த பின்னும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். சாரதி உங்களைக் கண்டாலும் அவரால் விலக முடியாது. விலக வேண்டியவர்கள் நாம்தான்.

நம் வீட்டு வாசலில்

சரி, எங்கள் ஊரில் ரயிலே இல்லையே என்கிறீர்களா? உங்கள் முற்றத்தில் வேன் இல்லையா? ஓட்டோ இல்லையா? சாமான் இறக்க லொறி வருவதில்லையா?

பின்னோக்கி வரும் வாகனமும் நீண்ட கூடு முன்னால் வரும் எஞ்சினும் ஒன்றுதான். ஓட்டுபவருக்கு நேர் பின்னே தரையோடு ஒட்டிய பகுதி தெரியாது. இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் பின் கண்ணாடிக்குக் கீழேதான். வாப்பா வெளியே புறப்படுகிறார் என்றால் ‘டாட்டா’ காட்ட ஓடி வருவது யார்? வீட்டிலேயே சின்னப் பிள்ளைதானே! பாசத்தோடு ஓடி வருகிற அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்தும் முதலில்.

ஆகவே ஷண்டிங் ஊழியரின் விதியை வீட்டு விதியாக்கிக்கொள்வோம். வாகனம் பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் மட்டும் கை காட்டட்டும். நானா ஒரு பக்கம் ‘வா, வா’ என்றும், மாமி மறுபக்கம் ‘போதும், போதும்’ என்றும் கூச்சலிடுவது உதவியல்ல. கை காட்டுபவர் வாகனத்துக்கு நேர் பின்னே நிற்காமல், ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியும்படி ஒதுங்கி நிற்கட்டும். எஞ்சினை இயக்குவதற்கு முன்பே வீட்டிலுள்ள பிள்ளைகளை எண்ணுங்கள். சின்னதைத் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘உள்ளேதான் விளையாடுகிறது’ என்ற நம்பிக்கை போதாது. கண்ணால் காண வேண்டும். கை காட்டுபவர் மறைந்தால், ஓட்டுபவர் அந்தக் கணமே நிறுத்தட்டும். இதை உங்கள் கணவரிடமும், லைசன்ஸ் எடுத்த பெருமையில் இருக்கும் மகனிடமும் இன்றே பேசி வையுங்கள். லொறிச் சாரதியிடம் சொல்லவும் வெட்கப்பட வேண்டியதில்லை. ‘நில்’ என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது ரயில்வேயின் விதியல்லவா?

இப்படி நின்று பார்த்துச் செய்வதால் எவ்வளவு தாமதமாகிவிடும்? ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். எண்பது தொன் எஞ்சினையும் அந்த ஒரு நிமிடம் காத்திருக்க வைக்கிறார்கள். நம் முற்றத்து வாகனம் காத்திருக்காதா?

அடுத்த முறை நீங்கள் ரயிலில் போய்க் கடைசி நிலையத்தில் இறங்கும்போது, பைகளை எண்ணிய பிறகு, மேடையில் பாதுகாப்பாக ஒதுங்கி நின்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கொடியோடு ஒருவர் எஞ்சின் பக்கம் நடந்து போவதைக் காணக்கூடும். அவர் பெயர் பயணச்சீட்டில் அச்சாவதில்லை. யாரும் அவருக்கு நன்றி சொல்வதுமில்லை. உங்கள் பிள்ளைக்கு அவரைச் சுட்டிக் காட்டுங்கள். ‘அந்த மாமாவின் கை தெரிந்தால்தான் இவ்வளவு பெரிய எஞ்சினும் நகரும்’ என்று சொல்லுங்கள். கேட்ட பிள்ளை மறக்காது.